ரிட்டன் அண்ணனும் மீன் டிரம்களும்

காலி லாரியோடு ஊர் திரும்புவதைப் பாவம் என்று நம்பிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். திருடனைக்கூடப் பக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போடிநாயக்கனூரில் நான் வேலை பார்த்த லாரி ஆபீசில் அவருக்குப் பெயர் ரிட்டன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வீட்டுக்குப் போனபோது அவர் மனைவியே, "ரிட்டன் குளிக்கிறாக, உக்காரு தாயி" என்றார்.

நான் புக்கிங் கிளார்க். அவர் டிரைவர். ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போவார். திரும்பி வர 'ரிட்டன்' லோடு கிடைக்காவிட்டால் மற்ற டிரைவர்கள் ஒரு பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் துறைமுகத்தைச் சுற்றி வேட்டைக்குப் போவார்.

முதல் வேட்டையில் கிடைத்தது கிழிந்த மீன் வலை. ஒரு லாரி நிறைய. முதலாளி வாசலுக்கு வந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"வலை மொதலாளி. கடக்கரையில மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு. குப்பைங்கிறாய்ங்க."

"போடியில எங்கய்யா கடல் இருக்கு?"

"கடல் இல்ல. பன்னி இருக்குல்ல?"

சாயங்காலத்துக்குள் வலை முழுவதும் பக்கத்து ஊர்களான சிலமலைக்கும் தேவாரத்துக்கும் போய்விட்டது. காட்டுப்பன்றிகளால் தூக்கம் கெட்டிருந்த விவசாயிகள் தோட்டத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். பன்றிகள் நின்றன. யானைதான் நிற்கவில்லை. தேவாரம் பக்கம் ஒரு யானை அந்த வலையைத் தலையில் போட்டுக்கொண்டு, முக்காடிட்ட புதுப்பெண் மாதிரி காட்டுக்குள் போனதாகச் சொன்னார்கள். எல்லோரும் பதறினோம். ரிட்டன் அண்ணன் மட்டும், "வலை கிழியலையே?" என்று கேட்டார்.

அடுத்து, கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் மரச்சட்டங்கள். அவற்றைப் பிரித்து, இழைத்து, என் கல்யாணத்துக்கு ஒரு கட்டில் செய்து அனுப்பினார். தேக்கு தோற்றுவிடும், அவ்வளவு உறுதி. தலைமாட்டில் மட்டும் உடைந்த கண்ணாடி டம்ளர் படமும் மேல்நோக்கிய அம்புக்குறியும் அழியாமல் இருந்தன. 'உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்' என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, "இது ஒனக்குப் போட்டதா, எனக்குப் போட்டதா?" என்றார்.

இதெல்லாம் வெறும் ஒத்திகைதான். உண்மையான கூத்து ராசம்மா அக்காவால் வந்தது.

ராசம்மா அக்காவுக்கு மலைமேல் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். தனி ஆள். மருந்தடித்து மருந்தடித்து மண் செத்துப்போய், செடிகள் வெளுத்து நின்றன. அந்த வருஷமும் காய் பிடிக்காவிட்டால் தோட்டத்தை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். பிறகு, "மீன் கழிவும் வெல்லமும் சேத்து மூடி வச்சா, மூணு வாரத்துல தேன் கணக்கா ஒரு மருந்து ஆகுமாம். செடிக்கு ஊத்துனா எந்திரிச்சு நிக்குமாம். இந்த மலையில மீனுக்கு நான் எங்கிட்டுப் போக?" என்றார்.

ரிட்டன் அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்தார். அவர் டீயைப் பாதியில் வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான்காம் நாள், தெருவில் ஏலக்காய் ஏலம் நடந்துகொண்டிருந்த முற்பகலில், ஆபீஸ் வாசலில் லாரி வந்து நின்றது. பன்னிரண்டு சின்ன நீல டிரம்கள். துறைமுகத்தில் மீன் வெட்டும் பெண்கள் குழிதோண்டிப் புதைக்க வைத்திருந்த தலை, குடல், செதில் எல்லாம் அதற்குள். வெல்லத்தை ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று அண்ணன் நினைத்திருந்தார். வெயில் அப்படி நினைக்கவில்லை. மூடிகள் உப்பி, பூரி மாதிரி நின்றன.

"அண்ணே, மூடி ஆடுது!" என்று நான் கத்தவும், ஒரு டிரம் வெடிக்கவும் சரியாக இருந்தது.

ஏலக்காய் வாசனையைத் தவிர வேறு எதையும் அறியாத தெரு அது. ஐந்தே நிமிஷத்தில் அங்கே மனிதர்கள் இல்லை. எனக்குத் தெரிந்து போடியில் இருபது பூனைகள் இருக்கும். அன்று இருநூறு வந்தன. கையில் சாம்பிள் காயைக் கசக்கி முகர்ந்த ஒரு வியாபாரி, "என்னப்பா, நெத்திலி வாசம் வருது?" என்று மூட்டைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டாராம்.

முதலாளி வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"சாவியக் குடு. இனிமே என் வண்டியத் தொடாத."

ரிட்டன் அண்ணன் சாவியைக் கொடுத்தார். பத்தொன்பது வருஷம் ஓட்டிய லாரியின் முகப்பை ஒருமுறை தடவினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ராசம்மா அக்கா வந்தார். கையில் வெல்ல மூட்டை. "ஏண்ணே, சாவி போனாப் போகுது. என் டிரம்மு எங்க?" என்றார்.

எந்த ஜீப்புக்காரரும் டிரம் ஏற்றச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஓட்டை ஜீப் ஒன்றை இரவல் வாங்கி, மிச்ச டிரம்களை ஏற்றி, ரிட்டன் அண்ணனே ஓட்ட உட்கார்ந்தார். டிரம்களின் மூடியை அமுக்கிப் பிடிக்கப் பின்னால் ராசம்மா அக்கா உட்கார்ந்தார். முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அரை நாள் லீவு என்று கத்திவிட்டு ஏறிவிட்டேன்.

"எறங்கு தாயி, நாத்தம் ஒரு வாரத்துக்குப் போகாது."

"காலியாப் போகக் கூடாதுண்ணே. ஓட்டுங்க, வெரசா!"

போடிமெட்டு வளைவுகளில் எப்போதும் வண்டியை மறிக்கும் குரங்குகள் அன்று எங்களைக் கண்டு மரத்தில் ஏறிக்கொண்டன. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. ஒவ்வொரு வளைவிலும் டிரம் குலுங்க, பின்னாலிருந்து "போச்சு! போச்சு!" என்று ராசம்மா அக்கா அலற, முன்னால் நாங்கள் கண்ணில் நீர் வர, சிரித்தபடி போய்ச் சேர்ந்தோம். அன்றே வெல்லத்தைக் கொட்டிக் கலக்கினோம்.

மூன்று வாரத்தில் நாற்றம் போய்ப் பழ வாசனை வந்தது. ராசம்மா அக்கா தண்ணீரில் கலந்து கலந்து ஊற்றினார். வெளுத்த செடிகள் பச்சை பிடித்தன. அடியில் சரம் சரமாகப் பூ இறங்கியது. அதுவரை ரிட்டன் அண்ணன் ஜீப்பில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தார்.

காய் எடுத்ததும் ராசம்மா அக்கா நேராக எங்கள் முதலாளியிடம் வந்தார். உருண்டு திரண்ட பச்சைக் காய்களை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"மோந்து பாருங்க அப்பு. மீனு வாசம் வருதா?"

முதலாளி முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார்.

"வெல்லத்தத் தூத்துக்குடியிலயே போட்டு மூடிட்டு வரச் சொல்லு" என்றார் என்னிடம். அண்ணன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது ஏலக்காயோடு கழுவிய காலி டிரம்கள் போகின்றன; நிறைந்து திரும்புகின்றன. துறைமுகத்தில் மீன் வெட்டும் பெண்களே கழிவைத் தனியாகப் பிரித்து, வெல்லம் சேர்த்து வைக்கிறார்கள். அதற்கென்று ஒரு கொட்டகைகூட வந்துவிட்டது. வலையைக் குவித்து வைத்து, போடி லாரி எப்போது வரும் என்று கேட்கிறார்கள். கேரளப் பக்கத்து மலைத் தோட்டக்காரர்களோ, "இந்த வாரம் மீன் வண்டி உண்டா?" என்று பாதி மலையாளத்தில் எனக்குப் போன் செய்கிறார்கள்.

போன மாதம் நானும் வீட்டுக்காரரும் ரிட்டன் அண்ணன் லாரியிலேயே அந்தக் கொட்டகையைப் பார்க்கப் போனோம். கத்தியும் கையுமாக இருந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏளா, ஜீப்புல முன்னால உக்காந்து வந்த புள்ள நீதானா? அண்ணாச்சி வாரம் தவறாம ஒன் கதையத்தான் சொல்லுதாரு. ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுச்சு, எம் புள்ள மட்டும் கூடவே ஏறி வந்துச்சுன்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். ரிட்டன் அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பழைய கயிற்றில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் போய், "சாப்ட்டீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.