அறுபத்திரண்டாம் எண் பாதுகாப்பு

பெண்களின் பாதுகாப்பைப் பற்றி இனி யார் வரலாறு எழுதினாலும், பாளையங்கோட்டை வடக்கு ஆற்றங்கரை நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தீர்மானம் எண் 14-க்கு முன், அதற்குப் பின் என்று இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டியிருக்கும். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர் திரு. சாலமோன். அவருக்குச் சிலை வைக்க நகரில் பொது இடம் ஏதும் மிச்சமில்லை. அதனால் இந்தக் கதையோடு அவர் திருப்தி அடைய வேண்டியிருக்கிறது.

சாலமோன் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கோப்புகளைத் தைத்து, எண் போட்டு, அடுக்கி வைப்பது அவர் வேலை. யாராவது கேட்டால் தேடி எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலைதான். ஆனால் முதல் வேலையில் காட்டிய ஆர்வத்தை இரண்டாவதிலும் காட்டினார் என்று அவர்மீது யாரும் பழி சொல்ல முடியாது.

ஓய்வு பெற்ற நாளில் அறைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட அலுவலகம், பழக்கத்தை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. ஆகவே அவர் வீட்டு மின்விசிறியில் வெள்ளை பெயின்டால் 'சா.வீ./1' என்று எழுதியிருக்கும். சாலமோன் வீடு, பொருள் எண் ஒன்று. குக்கர் 'சா.வீ./12'. காலமான மனைவி ஞானசௌந்தரியின் தையல் மெஷின் 'சா.வீ./27'. சங்கத்து நாற்காலிகளுக்கும் அதே கையெழுத்தில் எண் உண்டு. வீட்டில் எண் போடப்படாமல் இருந்தது மகள் ரீபா மட்டுமே. பெயின்ட் காயும்வரை அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பது காரணமாக இருக்கலாம். அவளுக்கு இருபத்தாறு வயது. மேலப்பாளையத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். காலையில் ஸ்கூட்டரில் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். மனைவி போனதிலிருந்து நான்கு வருடமாக, மகள் வேலை முடிந்து வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அன்று நடந்ததையெல்லாம் சொல்லும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எம் மவ எங்கிட்ட ஒண்ணையும் மறைக்க மாட்டா வே" என்று சங்கத்தில் அவர் சொல்லாத நாளில்லை.

அப்படிச் சொல்லிச் சொல்லியே அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. அவள் மறைக்காமல்தான் சொல்கிறாள் என்பதைச் சரிபார்க்க ஓர் ஏற்பாடு இருந்தால், அவள்மேல் தான் வைத்திருக்கும் நம்பிக்கை இன்னும் உறுதிப்படுமே! சாதாரணத் தகப்பன்கள் சும்மா நம்பிவிட்டுப் போய்விடுவார்கள். சாலமோன் ஆதாரத்தோடு நம்ப விரும்பினார்.

அந்த ஆதாரம் முருகன்குறிச்சியில் கிங்ஸ்டன் என்பவனுடைய செல்போன் கடையில் கிடைத்தது. சட்டைப் பித்தானைவிடப் பெரிதாக, வட்டமாக, வெள்ளையாக இருந்தது. பெயர் 'டிராக்கர்'. அதை ஒரு பொருளோடு சேர்த்துவிட்டால், அந்தப் பொருள் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை வாங்கியவரின் போன் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும்.

"சாவிக்கொத்துல மாட்டிப் போடுங்க அண்ணாச்சி. சாவி எங்கன கெடந்தாலும் காட்டிக் குடுத்துரும்" என்றான் கிங்ஸ்டன்.

"மேலப்பாளையத்துல கெடந்தா?"

"மேலப்பாளையம் வரைக்கும் போவுத சாவியா அண்ணாச்சி?"

"தெனமும் போவும். சாயங்காலம் வந்துரும்."

கிங்ஸ்டன் நாணயமான வியாபாரி. அதற்குமேல் எதுவும் கேட்காமல் பில் போட்டான்.

அன்றே சாலமோன் மிக மெல்லிய தூரிகையை எடுத்து அதில் 'சா.வீ./62' என்று எழுதினார். ஒளித்து வைக்கப்போகிற பொருளுக்கு எண் தேவையா என்று ஒரு கணம் யோசிக்கவும் செய்தார். ஆனால் எண் இல்லாத பொருள் ஒரு வீட்டில் இருந்தால் அது திருட்டுப் பொருளாகத்தான் இருக்க வேண்டும். சாலமோன் திருடர் அல்ல. பெயின்ட் காய்ந்ததும், ரீபா தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பையின் உள்துணியை மெல்லப் பிரித்து, டிராக்கரை உள்ளே வைத்து, கோப்புத் தைக்கும் பெரிய ஊசியாலும் முறுக்கு நூலாலும் மூன்று துளைத் தையல் போட்டு மூடினார். அப்படித் தைத்த கோப்புகள் அறுபது வருடமானாலும் பிரியாது.

அதன் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டில் பாதுகாப்பு நிலவியது. ரீபா டீ குடித்தபடி சொல்வாள், அவர் கேட்பார். அவள் சொன்னதும் புள்ளி சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. மகளின் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கும் தகப்பன் இந்த மாவட்டத்திலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

இப்படி இருக்கையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து நகரில் ஒரு பெண்ணின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் எவனோ டிராக்கர் ஒளித்து வைத்திருந்தானாம். எல்லாரும் பதறினார்கள். சாலமோன் கொதித்தார். மறுநாளே அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினார்.

"ஒரு பொம்பளப் பிள்ளைக்குத் தெரியாம அவ பொருளுக்குள்ள இத ஒளிச்சு வைக்கான்னா, அவன் மனுசனா வே? அவனுக்குப் பொறப்பு வளப்பு உண்டுமா?" என்று மேஜையைக் குத்திக் கேட்டார்.

அந்தக் கோபத்தில் துளியும் நடிப்பில்லை. எவனோ வைப்பது உளவு. அப்பா வைப்பது பாசம். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அவருக்குப் பகல்போலத் தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் அது பார்ப்பவர்களின் கண் கோளாறு.

ஒளிந்திருக்கும் டிராக்கரைக் கண்டுபிடிக்கப் போனில் ஏற்றிக்கொள்ள ஒரு செயலி இருக்கிறது என்று விளக்க நிபுணர் ஒருவர் அழைக்கப்பட்டார். நிபுணர் கிங்ஸ்டன்தான். ஒளித்து வைப்பதை விற்றவனைவிடக் கண்டுபிடிப்பதை விளக்கத் தகுதியானவன் யார்? அவன் எல்லார் முன்னிலையிலும் செயலியை ஓட்டிக் காட்டினான். செயலி உடனே ஒரு சந்தேகப் பொருளைக் கண்டுபிடித்தது. கூட்டம் எழுந்து நின்றது. தேடிப் பார்த்ததில் அது சங்கத் தலைவர் குமரகுருபரனின் காது மெஷின். 'தலைவரின் காது மெஷின் குற்றமற்றது' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யப்பட்டு, கூட்டம் மறுபடி உட்கார்ந்தது.

சாலமோன் கிங்ஸ்டனைத் தனியே அழைத்துப்போனார்.

"ஏலே, இந்த ஆப் கெட்டவன் வெச்சத மட்டுந்தான பிடிக்கும்?"

கிங்ஸ்டன் அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "கெட்டவன் வெச்சத விடவே விடாது அண்ணாச்சி" என்றான்.

சாலமோனுக்கு நிம்மதியாயிற்று. உடனே உள்ளே போய்த் தீர்மானம் எண் 14-ஐ முன்மொழிந்தார். 'நகரின் பெண்கள் அனைவரும் மேற்படி செயலியைத் தத்தம் போனில் ஏற்றி, ஒரு வார காலம் வழக்கம்போல் சென்று வந்து, கண்டெடுத்தவற்றை அடுத்த ஞாயிறு கூட்டத்தில் ஒப்படைக்க வேண்டியது.' பலத்த கைதட்டல். ரீபாவின் போனில் செயலியை அவரே ஏற்றினார். கேட்ட அனுமதிகளுக்கெல்லாம் 'சரி' 'சரி' என்று அவர் விரலே அழுத்தியது.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நாற்காலிகள் போதவில்லை. முதலில் குற்றாலலிங்கத்தின் மனைவி எழுந்து ஒரு டிராக்கரை மேஜையில் வைத்தார். குற்றாலலிங்கமும் எழுந்து, "அவ பையத் தொலைச்சிருவான்னு நாந்தான் போட்டு வெச்சேன்" என்றார். அந்த அம்மாள் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பையைக்கூடத் தொலைத்ததில்லை. தொலையாமல் இருந்ததற்குக் காரணம் இந்த முன்னெச்சரிக்கைதான் என்று கூட்டம் ஏற்றுக்கொண்டது.

அடுத்தவர் சாரம்மாள், எழுபது வயது விதவை. "எங் குடைக் காம்புல இருந்துச்சு. எம் மருமவ வேல. நான் கோயில் முடிஞ்சு எப்பம் திரும்புதேன்னு பாத்து டிவிய அமத்துதா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாலமோனும் சிரித்தார்.

மூன்றாவதாக ரீபா எழுந்தாள்.

கிட்டே வந்து, வட்டமான வெள்ளைப் பொருளையும் வெட்டிய முறுக்கு நூலையும் தலைவருக்கு முன்னால் வைத்தாள். "கிளினிக்ல இருக்கையில போன் சொல்லிச்சு. பைத்துணிக்குள்ள இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள்.

தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். "என்னமோ எழுதியிருக்கே" என்று, காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில் வாசித்தார்: "சா… வீ… அறுபத்திரண்டு."

வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். மீதிப் பேர் சாலமோனைப் பார்த்தார்கள். மகள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ அவரைப் பார்க்கவே இல்லை.

இக்கட்டான நேரத்தில்தான் தலைவர்களின் பெருமை தெரியும். குமரகுருபரன் தொண்டையைச் செருமினார்.

"பெத்த தகப்பன் வெச்சது எப்படிவே உளவாவும்?"

"அதான!" என்று குற்றாலலிங்கம் முதல் ஆளாக வழிமொழிந்தார்.

அங்கேயே திருத்தம் 14(அ) எழுதப்பட்டது. 'குடும்பத் தலைவர்கள் வைப்பவை பாதுகாப்புச் சாதனங்கள் எனக் கொள்ளப்படும். அவற்றை உளவுப் பொருள் எனக் காட்டி மேற்படி செயலி குடும்ப ஒற்றுமைக்கு ஊறு விளைவிப்பதால், அதனைப் பெண்கள் உடனடியாக நீக்கிவிட வேண்டியது.'

"அப்பம் எம் மருமவ வெச்சது?" என்று கேட்டார் சாரம்மாள்.

"மருமவ என்ன குடும்பத் தலைவரா? அது உளவு" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. பெண்கள் எல்லாரும் அந்த நேரத்தில் எழுந்து போய்க்கொண்டிருந்ததால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

சாலமோன் வீட்டுக்கு வந்தபோது ரீபா டீ போட்டிருந்தாள். இரண்டு கிளாஸ். அதைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. எதிரே உட்கார்ந்தார். சங்கமே ஏற்றுக்கொண்ட நியாயத்தை மகள் ஏற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"ஒன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். ஒனக்கு ஒண்ணுன்னா அப்பா ஓடி வரணும்லா. நீ எங்கன இருக்கேன்னு தெரிஞ்சாத்தான ஓடி வர முடியும்?"

"நோட்டு எங்கப்பா?" என்றாள் ரீபா.

"என்ன நோட்டு?"

"எட்டு மாசம் பாத்திருக்கீங்க. எழுதி வைக்காமயா இருந்திருப்பீங்க?"

பெற்ற மகளுக்குத் தகப்பனைத் தெரியாதா? சாலமோன் பீரோவின் அடித்தட்டிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். கோடு போட்டு, தேதி, நேரம், இடம், குறிப்பு என்று கட்டம் கட்டி, ஓர் அடித்தல்கூட இல்லாத நோட்டு. அந்த நிலையிலும் அதை நீட்டும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ரீபா பக்கங்களைத் தள்ளினாள்.

"ஜூலையில ஒரு நாளு வண்டி பஞ்சர்னு லேட்டா வந்தேன். நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"பஞ்சர் இல்லப்பா. ஒரு ஆட்டோக்காரன் இடிச்சு விழுந்துட்டேன். கண்ணு முழிக்கையில ஆஸ்பத்திரியில கெடக்கேன். தலையில அடி, மூணு தையல். ஸ்கேன் எடுத்துப் பாக்குத வரைக்கும் எழும்பக் கூடாதுன்னுட்டாவ. கூட வேல பாக்குத ஹம்னாதான் பக்கத்துல இருந்தா. ஒங்களுக்குச் சொல்லட்டான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன். அம்மாவக் கடைசியாக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரி. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன். முடிய எறக்கிச் சீவிட்டு வந்து பஞ்சர்னேன்."

சாலமோன் அவள் பக்கம் குனிந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"நீங்கதான் பாத்துக்கிட்டு இருந்தீங்களேப்பா."

அவள் தேடிய பக்கம் கிடைத்துவிட்டது. நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

'11.7. வெள்ளி. மாலை 5.10 முதல் இரவு 8.25 வரை: அரசு மருத்துவமனை. நகர்வு இல்லை. டாக்டர் எவனையோ சந்திக்கிறாள் போலும். போன் செய்தால் உஷாராகிவிடுவாள் என்பதால் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து பஞ்சர் என்று பொய் சொன்னாள்.'

ஓரத்தில், சர்வீசில் இருந்தவரை அவருக்கு அனுமதிக்கப்படாத பச்சை மையில், 'தொடர்ந்து கவனிக்கவும்' என்று எழுதி, கீழே தானே கையொப்பமும் இட்டிருந்தார்.