சங்கு குளிப்பவர் மகளும் என் கேமராவும்

சங்கு குளிப்பவர்களைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அவர்களுடைய மகள்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. என் மனைவி வினோலியா அப்படியொரு மகள். தூத்துக்குடியில் கடலிலிருந்து நான்காவது தெருவில் பிறந்தவள். பெண்பிள்ளை என்பதால் கணுக்காலுக்கு மேல் கடல் படாமல் வளர்ந்தவள். இப்போது டெல்லியில் நர்ஸ்.

தண்ணீருக்கடியில் படமெடுக்கும் கேமரா ஒன்றை வாங்கிய அன்று, மயூர் விஹார் வீட்டில் என் பிரகடனம் வெளியாயிற்று.

"நவம்பர்ல அந்தமான் போறேன். கடலுக்கடியில படம் எடுக்கப் போறேன்."

"நானும் வாரேன். எங்கப்பா முங்குன கடலு உள்ள எப்படி இருக்கும்னு ஒரு தரமாவது பாக்கணும்."

"நீச்சல் தெரியாம எப்படி? அம்பது மீட்டர் நீந்திக் காட்டு, கேமராவையே உன் கையில தந்துர்றேன்."

நாற்பத்திரண்டு வயதில் இவள் எங்கே நீந்தப்போகிறாள் என்ற தைரியத்தில் பிறந்த பெருந்தன்மை அது.

மறுநாளே நீச்சல்குளத்து விண்ணப்பங்கள் இரண்டைக் கொண்டுவந்தாள். 'நீச்சல் தெரிந்தவர்', 'கற்பவர்' என இரண்டு கட்டங்கள். கற்பவருக்குப் பயிற்சியாளர் உண்டு. தெரிந்தவருக்குச் சோதனை மட்டுமே; தோற்றால் அடுத்த கோடையில்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும்.

"நீங்களும் கத்துக்கிறவர்னே போடுங்களேன்."

"நானா? வள்ளியூர்க் கெணத்துல தலகீழாக் குதிச்சவன்டி!"

"குதிச்சீங்க, சரி. நீந்துனீங்களா?"

"கெணத்துல எங்க நீந்துறது? நாலு கை போட்டா எதிர்ச்சுவரு."

"அதத்தான் கேட்டேன்."

சோதனையன்று நான்கு கை போட்டேன். பழக்கதோஷத்தில் சுவரைத் தேடினேன். சுவர் நாற்பது மீட்டருக்கு அப்பால் நின்றது. "ஜெயசீலன்ஜி, ஜல்தி!" என்று பயிற்சியாளர் நீட்டிய மூங்கில் கழியைப் பிடித்துக் கரையேறினேன்.

வினோலியா காலை ஆறு மணிப் பெண்கள் வகுப்பில் சேர்ந்தாள். மே முழுவதும் தண்ணீர் குடித்தாள். ஜூலையில் மிதந்தாள். ஆகஸ்டில் ஐம்பது மீட்டரை நீந்தி, கேட்காமலே திரும்பியும் நீந்தி வந்து, மூச்சு வாங்கியபடி என் முன் கையை நீட்டினாள். கேமராவைக் கொடுத்தேன்.

அந்தமானில் நான் படகில் துண்டுகளுக்குக் காவல்.

"பயமா இருந்தா ஒடனே மேல வந்துரு, வினோ."

"நீங்க எட்டிப் பாக்காதீங்க. விழுந்துராதீங்க."

வழிகாட்டியுடன் இறங்கியவள் அரைமணி நேரம் கழித்து வந்தாள். முகக்கண்ணாடியைக் கழற்றியபோது கண்கள் சிவந்திருந்தன.

"உப்புத்தண்ணியா?"

"இல்லங்க. இவ்வளவு நெறம் இருக்கும்னு எங்கப்பா ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

அவள் எடுத்த படங்களைப் பார்த்து எங்கள் குடியிருப்பில் பதினொரு பெண்கள் நீச்சலுக்குப் பெயர் கொடுத்தார்கள். இப்போது வினோலியா கோடையில் அவர்களைக் குளத்துக்கும், குளிர்காலத்தில் கடலுக்கும் அழைத்துச் சென்று படமெடுக்கக் கற்றுத்தருகிறாள். என் விண்ணப்பத்தை மட்டும், ஆண்களை இன்னும் சேர்க்கத் தொடங்கவில்லை என்று திருப்பித் தந்துவிட்டாள்.