பின்னங்காலுக்கு ஒரு நினைவூட்டல்

மத்திய அரசின் அலுவலக நடைமுறைப்படி நாய்க்கு வைத்தியம் பார்த்த ஒரே மனிதர் இந்தத் தேசத்தில் எங்கள் ‘ரிமைண்டர்’தான். எழுபதுகளில் டில்லியில் எங்கள் செக்‌ஷனுக்கு அவர் அதிகாரி. எந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் பதறமாட்டார், நினைவூட்டல் அனுப்புவார். பதில் வராதென்று உறுதியாகத் தெரிந்த இடங்களுக்கு இன்னும் ஆசையாக அனுப்புவார்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவர் கீழ்வீடு, நான் மாடி. ஒருநாள் வாசலில் படுத்திருந்த காலூ என்ற தெருநாயின் இடுப்பில் ஸ்கூட்டர் ஏறிவிட்டது. முதுகுத்தண்டில் அடி. பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி இழுபட்டன. கால்நடை டாக்டர், மூன்று வாரத்தில் உணர்ச்சி திரும்பாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவதே நல்லது என்றார். ரிமைண்டர் ஒப்புக்கொண்டு, மறுநாளே காலூ பெயரில் ஒரு ஃபைல் திறந்தார்.

தினமும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு காலூவின் பின்னங்கால் விரலைக் கிள்ளுவார். பிறகு எழுதுவார்: ‘கிள்ளப்பட்டது. பதில் இல்லை. நினைவூட்டல் நான்கு.’ அப்புறம் தன் வேட்டியை அதன் இடுப்புக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, புல்வெளியில் நடை பழக்குவார். காலனியே சிரித்தது. சிரிப்பைத் தொடங்கிவைத்தது நான்.

பதினோராம் நினைவூட்டலுக்குக் கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

“வந்திருச்சு சார்” என்றேன்.

“பொறும் வே. அது மூஞ்சியப் பாரும்.”

காலூ பாட்டுக்கு ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

“வலின்னா திரும்பிப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. இது பிராஞ்ச் ஆபீஸ் தானா எடுத்த முடிவு. ஹெட் ஆபீசுக்குத் தகவல் போவல.”

மூன்று வாரம் முடிந்து டாக்டர் வரவேண்டிய நாளும் வந்தது. காலையில் ரிமைண்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. காலூவின் தலையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்குக் கிள்ளலையா சார்?”

“பயமா இருக்கு வே” என்றார்.

முப்பது வருட சர்வீஸில் பதிலுக்காக அவர் பயந்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினார். காலூ திரும்பி அவர் மணிக்கட்டைக் கவ்வியது.

ரத்தம் சொட்டும் கையை என்னிடம் நீட்டி, “பதில் வந்துட்டு வே” என்று அழுதார்.

நாய்க்கடிக்கு அவருக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஒவ்வொன்றுக்கும் கல்யாணத்துக்குப் போவதுபோல் சலவைச் சட்டையில் போனார். மழைக்காலத்துக்குள் காலூ இடுப்பை ஆட்டி ஆட்டி அவரை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட ஆரம்பித்தது.

இப்போதும் யாராவது பதில் போடாவிட்டால், கோபம் வருவதற்குள் அவரை நினைத்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதிவிடுகிறேன்.