சம்பந்தியம்மாவின் முந்தானையும் என் கை பெல்ட்டும்

கை உடைந்தவளுக்கு வலி இரண்டாவது தொல்லைதான். எப்படி உடைந்தது என்று ஊருக்கெல்லாம் சொல்வதுதான் முதல் தொல்லை. நான் போட்ட கோலத்தை நானே மிதிக்கக் கூடாதென்று தாண்டி, ஈர வாசலில் விழுந்தேன். (முப்பத்தெட்டு வயதில் தாண்டுகிற தாண்டா அது!)

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், மணிக்கட்டு அசையாமலிருக்க ஒரு பெல்ட்டை மாட்டினார். உள்ளே தகடு, மேலே பர்ரென்று பிரிந்து ஒட்டுகிற மூன்று பட்டைகள். "ஒரு மாசம் வெயிட் தூக்காதீங்க. ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது வாரமே தம்பிக்கு ராசிபுரத்தில் நிச்சயதார்த்தம். அம்மா இல்லாத வீட்டில் மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஏது ஓய்வு? ஒற்றைக் கையால் தட்டு அடுக்கி, ஆட்களை வேனில் ஏற்றி, மண்டபம் போய்ச் சேரும்போதே நான் பாதி ஆள்தான். அங்கே பார்த்தவர்களெல்லாம் "கைக்கு என்னாச்சுங்க?" என்றார்கள். பத்துப் பேருக்குச் சொன்னபிறகு கோலத்தை விட்டுவிட்டு, "உளுந்துட்டனுங்க" என்று முடித்துக்கொண்டேன்.

இத்தனை அலுப்பிலும் ஆசை மட்டும் சாகவில்லை. பட்டுப்புடவைக்கு வெறுங்கையா? பெல்ட்டைக் கழற்றி, நான்கு வளையல் போட்டு, அதன்மேல் பெல்ட்டை மாட்டினேன். (வளையல் யார் கண்ணுக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.) கை பருத்துப்போனதால் ஒரு பட்டை எட்டவில்லை. அதன் நுனி, குட்டிக் கொக்கிகளோடு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

தட்டு மாற்றும் நேரம். பெண்ணின் அம்மாவிடம் தட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அவர் திரும்ப, என் கையும் கூடவே போனது. பட்டை அவருடைய முந்தானையைக் கவ்வியிருந்தது. பதறி இழுத்தேன். சரிகை இழை ஒன்று முழ நீளத்துக்கு வந்தது.

"சகுனமே செரியில்லீங்களே" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். தம்பியின் முகம் வெளிறியது. யாருக்கும் தெரியாத நான்கு வளையலுக்காக அவன் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

"ஆரும் இழுக்காதீங்க!" பெண்ணின் சித்தி, இளம்பிள்ளை என்ற ஊரில் சேலைத் தறி வைத்திருப்பவர், ஊக்கும் கையுமாக மேடையேறினார். "ஒவ்வொரு இழையாத்தான் எடுக்கோணும். ரெண்டு பேரும் அசையாம உக்காருங்க. அரை மணி நேரம் ஆவும்."

நாற்காலிகள் வந்தன. "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்றேன், தலை நிமிராமல்.

பெண்ணின் அம்மா என் காதோடு சொன்னார்: "சும்மா இரு அம்மிணி. வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சவ, இப்பத்தான் உக்காருறேன்." பிறகு பெரியவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சகுனம் நல்லாத்தானுங்க இருக்குது. வந்ததும் வராததுமா சம்பந்தி ஊட்டுக்காரங்க ஒட்டிக்கிட்டாங்களே!"

மண்டபம் சிரித்தது. தம்பிக்கு மூச்சு வந்தது. எங்களுக்குக் காபி வந்தது. பந்திக்கு இலை போதுமா, பாயசத்துக்கு யார் நிற்பது என்று எங்களைத் தேடி வந்தவர்களெல்லாம், உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த வருடத்தில் நான் எடுத்த ஓய்வு அந்த அரை மணி நேரம்தான்.

"முடிஞ்சுதுங்கக்கா" என்று சித்தி நிமிர்ந்தார்.

"இன்னொருக்கா நல்லாப் பாரு" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது, கையும் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு வீட்டிலும் யாருக்காவது உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ மனமில்லை என்றால், சொல்வது ஒரே வார்த்தைதான். போன வாரம் சமையல் சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்கச் சொன்னேன். தம்பி நாற்காலியில் அசையாமல் சொன்னான்:

"ஒட்டிக்கிச்சுக்கா."