நம்ம ஆளின் கடைவாய்ப் பல்

பெரிய மனிதர்கள் ஓர் இனம். பெரிய மனிதர்களைத் தெரிந்தவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் இனத்திடமிருந்தோ உங்களால் தப்பவே முடியாது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காருவார்கள், வங்கி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள், மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருப்பார்கள், எங்கே எந்த நிலையில் கிடந்தாலும் "அவரா? நமக்கு ரொம்ப வேண்டியவராச்சே!" என்று தலையைத் தூக்குவார்கள்.

இந்த இனத்திலேயே மிகவும் ஆபத்தானவர் பல் டாக்டர். ஏன் என்கிறீர்களா? மற்றவர்கள் அளக்கும்போது நீங்கள் பேச்சை மாற்றலாம், கொட்டாவி விடலாம், அவசர வேலை என்று எழுந்து ஓடலாம். பல் டாக்டரிடம் உங்கள் வாயே அவர் கையில் இருக்கிறது.

நமது டாக்டரின் மருத்துவமனை, ஒரு மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படிகள் ஏறியதும் இடது பக்கம். ஒரே ஒரு நாற்காலி. அதைச் சாய்ப்பார், விளக்கைக் கண்ணுக்கு நேரே இழுப்பார், கன்னத்துக்குள் இரண்டு பஞ்சுருண்டைகளைத் திணிப்பார், எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டுவார். அது 'கர்ர்ர்' என்று ஆரம்பித்ததும் இவரும் ஆரம்பிப்பார்.

"நேத்து நம்ம ஆளு போன் பண்ணாரு. 'டாக்டர், நீங்க இல்லாம சாப்பாடே இறங்க மாட்டேங்குது, வாங்க'ன்னாரு. நான் என்ன பண்றது சொல்லுங்க, போகலேன்னா கோவிச்சுக்குவாரு. நல்லா வாயைத் திறங்க."

நம்ம ஆளு என்றால் ஊரின் மிகப் பெரிய கோடீஸ்வரர். குன்றின் மேல் மாளிகை, கீழே ஏரி, ஏரியில் படகு, மொட்டை மாடியில் சொந்த விமானம் இல்லாத குறைதான், அது வேறு இடத்தில் நின்றது. அவர் வீட்டு விருந்தில் மந்திரி பரிமாறினால் நீதிபதி சாப்பிடுவார், நீதிபதி பாடினால் துணைவேந்தர் தாளம் போடுவார் என்று சொல்வார்கள். அந்த மேஜையில் தனக்கும் ஒரு நிரந்தர நாற்காலி உண்டு என்று பல் டாக்டர் மூன்று வருடமாகச் சொல்லிவந்தார். மறுத்தவர் ஒருவருமில்லை. எப்படி மறுப்பது, பஞ்சை விழுங்கிவிட்டா?

மற்றவர்கள் பெரிய மனிதரோடு எடுத்த புகைப்படத்தை மாட்டுவார்கள். டாக்டரிடம் புகைப்படம் இல்லை. எக்ஸ்ரே இருந்தது. கோடீஸ்வரரின் இடது மேல் கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரே. அதைத் தங்க நிறச் சட்டம் போட்டு, பின்னால் ஒரு சின்ன விளக்கும் வைத்து, காத்திருக்கும் அறையில் மாட்டியிருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பல்லை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். "எத்தனை மந்திரிங்க இந்தச் சிரிப்புக்காகக் காத்துக் கிடக்கறாங்க தெரியுமா?" என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை கோடீஸ்வரரைக் கைது செய்தார்கள். வேலை கேட்டுப் போன பெண்கள், படிப்புக்கு உதவி கேட்டுப் போன பள்ளிச் சிறுமிகள் என்று பதினோரு பேர் புகார் கொடுத்திருந்தார்கள். இது அவருக்கு முதல் முறையுமல்ல. ஐந்து வருடம் முன்பு இதே குற்றம் நிரூபணமாகி, சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்தான். வெளியே வந்த வாரமே விருந்து வைத்தார். அழைக்கப்பட்ட அத்தனை பேரும் போனார்கள். "பெரிய இடத்துல ஆயிரம் இருக்கும், நமக்கெதுக்கு?" என்று நம் டாக்டரும் அப்போது ஒருவர் பல்லைச் சுரண்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் இந்த முறை விருந்துப் படங்கள் பத்திரிகையில் வந்துவிட்டன. அவ்வளவுதான், ஊருக்கே மறதி நோய் கண்டது. அவர் விமானத்தில் ஏறியது உண்மைதான், பஸ் என்று நினைத்து ஏறிவிட்டேன் என்றார் மந்திரி. நீதிபதி அந்த வீட்டில் மழைக்கு ஒதுங்கினாராம். மூன்று நாள் மழை, மூன்று நாளும் ஒதுங்கியிருந்திருக்கிறார். படத்தில் இருக்கும் கை தன்னுடையதுதான், அது யார் தோள்மேல் இருந்தது என்பதை அப்போது கவனிக்கவில்லை என்று துணைவேந்தர் அறிக்கை விட்டார்.

டாக்டர் சும்மா இருப்பாரா? திங்கள் காலை வரை 'நம்ம ஆளு'. மத்தியானம் 'அந்த ஆளு'. சாயங்காலம் யாரோ கேட்டபோது, "எந்த ஆளு?" சட்டத்திலிருந்து பல் போய் ஓர் அருவிப் படம் வந்துவிட்டது. விளக்கு மட்டும் பழக்க தோஷத்தில் எரிந்துகொண்டிருந்தது.

உண்மையில் அவர் அந்த வீட்டுக்கு எத்தனை முறை போனார்? அவர் சொல்லி வந்த கணக்கில் மாதம் தவறாமல். இப்போது சொல்லும் கணக்கில் ஒரு முறைகூட இல்லை. நிஜக் கணக்கு ஒன்று. மூன்று வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடீஸ்வரருக்குப் பல்வலி வந்தது, அவருடைய வெளிநாட்டு டாக்டர் ஊரில் இல்லை, இவரைக் கூப்பிட்டார்கள். கையடக்க எக்ஸ்ரே கருவியும் பையுமாக, தன் உதவியாளர் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனார். பல்லுக்குத் தற்காலிகமாக ஓர் அடைப்பு வைத்ததும், "நீ எல்லாத்தையும் எடுத்து வைம்மா" என்று அவளை மாடியில் விட்டுவிட்டுக் கீழே வந்தார். கூடத்துச் சுவர் நிறையப் பெரிய மனிதர்களின் படங்கள். அரை மணி நேரம் ஒவ்வொரு மந்திரியாக அடையாளம் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தார். அந்த அரை மணி நேரம் மாடியில் கதவு தாழிட்டிருந்தது.

திரும்பும் வழியில் காரில் அவள் மாடியில் நடந்ததைச் சொன்னாள். இவர் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். "நீ தப்பா எடுத்துக்கிட்டம்மா. அவ்ளோ பெரிய மனுஷன்..." கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆறு மாதத்தில் அவள் வேலையை விட்டுப் போனாள்.

இப்போது பன்னிரண்டாவதாகப் புகார் கொடுத்தவள் அவள்தான். கோடீஸ்வரரின் வக்கீல், இந்தப் பெண் அந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை என்கிறார். வீட்டு வருகைப் பதிவேட்டில் அந்தத் தேதிப் பக்கமே இல்லை. பொய் சொல்லும் பெண் என்று அவள் குடியிருக்கும் தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் தனியாக வந்து டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"சார், நான் உங்ககூட வந்தேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"எங்கம்மா வந்தே?" என்றார் டாக்டர்.

மறுநாள் அவள் ஒரு பெண் இன்ஸ்பெக்டரோடு வந்தாள். நாற்காலியில் ஒரு கணக்கு வாத்தியார் வாய் நிறையப் பஞ்சோடு சாய்ந்திருந்தார்.

"அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க டாக்டர்?"

"நானா? அந்தப் பக்கமே போனதில்ல மேடம்."

கணக்கு வாத்தியார் படுத்தபடியே இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு மடக்கி மறுபடியும் விரித்தார். டாக்டர் அவசரமாக அவர் வாயில் இன்னொரு பஞ்சை வைத்தார்.

"இவருக்கு ஊசி போட்டிருக்கேன் மேடம், கை தானா ஆடும்."

பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை என்று இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொன்னார். டாக்டர் கையுறையைக் கழற்றினார், மாட்டினார். அந்தப் பதினோரு பெண்களில் இளையவளின் வயதை இன்ஸ்பெக்டர் சொன்னார். டாக்டர் அருவிப் படத்தைப் பார்த்தார். கடைசியில் இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

அந்தப் பெண் டாக்டரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். எந்தப் பல்லைத் தட்டினால் ஆள் துள்ளுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"விடுங்க மேடம்," என்றாள். "சார் சொல்றதுதான் சரி. அவ்ளோ பெரிய மனுஷன் சாரை எதுக்கு வீட்டுக்குள்ள விடப் போறாரு? அவருக்கு வெளிநாட்டு டாக்டருங்க எத்தனை பேரு! சார் இந்த மருந்துக்கடை மாடியில சொத்தைப் பல்லு புடுங்கறவரு. கேட்டுலயே 'போய்ட்டு வாப்பா'ன்னு அனுப்பியிருப்பாங்க."

டாக்டரின் காது சிவந்தது. மூக்கு சிவந்தது.

"யாரை? என்னையா? கேட்டுலயா?"

"காவல்காரர்கிட்ட மட்டும் பேசியிருப்பீங்க போல சார். அதுல ஒண்ணும் தப்பில்ல."

"ஏய், என்னம்மா பேசற! அவரோட சொந்தக் காரு வந்துச்சு என்னைக் கூட்டிட்டுப் போக! மாடி வரைக்கும் போனேன் மேடம், படுக்கையறை வரைக்கும்! ரெண்டாவது மாடி, நீலக் கம்பளம், ஏரியைப் பார்த்த ஜன்னல். 'உங்க கை பஞ்சு மாதிரி இருக்கு டாக்டர்'னு அவரே வாயால சொன்னாரு. இவளைக் கேளுங்க, பக்கத்துலதானே பெட்டியைத் தூக்கிட்டு நின்னா!"

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வெகு நேரமாகியிருந்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. பூட்டிய இழுப்பறையைத் திறந்து, துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த எக்ஸ்ரேயை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"கேட்டுல நின்னவன் எடுக்கற படமா இது?"

ஓரத்தில் தேதி, நேரம், எந்தப் பல், யார் வீடு என்று எல்லாம் எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. எழுதி முடித்து உறையில் போட்ட பிறகுதான் கதவு தாழிடப்பட்டது.

டாக்டர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டபோதுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். "கோர்ட்டுக்கு மந்திரியெல்லாம் வருவாங்களா மேடம்? நான் அவங்க பக்கத்துலதான் உட்காருவேனா?" என்று கேட்டார். அந்தப் பெண் படியில் பாதி இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அவள் சொன்னது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் இப்படிப்பட்டவராக இருந்துதான் தொலைய வேண்டுமா?

நீங்கள் சிரித்தீர்கள். நல்லது. நீங்கள் பல் டாக்டர் இல்லை, எந்தக் கோடீஸ்வரரும் உங்களைக் கூப்பிட்டதில்லை, உங்களுக்கென்ன பயம்? ஆனால் உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் எழுந்து நிற்கும் ஒரு மேலதிகாரி இருந்திருப்பார், இல்லாவிட்டால் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் முதலில் போய்ச் சொல்ல வேண்டிய ஒரு பெரிய மாமா. ஒருநாள் ஒரு பெண் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு இருக்காரே..." என்று ஆரம்பித்திருப்பாள். அவள் முடிப்பதற்குள் உங்களுக்கு ஓர் அவசர டீ ஞாபகம் வந்திருக்கும், எழுந்து போயிருப்பீர்கள்.

கேட்க மறந்துவிட்டேன். அந்த டீயில் சர்க்கரை சரியாக இருந்ததா?