படிவத்தில் அப்பாவுக்கு நான் கொடுத்த வேலை

வெளிநாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன்தான் விசா விஷயத்தில் அதிகம் பேசுவான். நான் அப்படிப் பேசியவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை. பாஸ்போர்ட் இருந்தது, அதில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. ஆனாலும் வெளிநாட்டில் எம்.எஸ். முடித்த தங்கை மஞ்சுவின் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா அம்மாவை அனுப்பிவைக்கும் பொறுப்பை, யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டேன்.

"ஏஜென்ட்கிட்ட குடுத்துடுண்ணா" என்றாள் மஞ்சு.

"என்னைவிட அவனுக்கு என்ன தெரியும்?" என்றேன். (வாய்க்கொழுப்பு. வேறென்ன?)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமுல்லைவாயில் வீட்டு ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். பெயர், பிறந்த தேதியெல்லாம் ஒழுங்காகப் போயிற்று. 'ஓய்வு பெறும் முன் செய்த வேலையை விவரிக்கவும்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

அப்பா ஆவடியில், ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். உள்ளே நடப்பதை வெளியே பேசக்கூடாது என்று சேர்ந்த அன்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அவரைப்போல் காப்பாற்றியவர் எங்கள் குவார்ட்டர்ஸில் வேறு யாரும் இல்லை. கேன்டீனில் என்ன குழம்பு என்று கேட்டால்கூடச் சொல்ல மாட்டார்.

"என்ன வேலப்பா செஞ்சீங்க?"

"ஃபேக்டரி வேல."

"அதான், ஃபேக்டரியில என்ன வேல?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது. வேலன்னு போடு."

"ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சுப்பா."

"நான்தான் ரிட்டையர் ஆனேன். நாடு ஆயிடுச்சா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே எழுதினேன். 'கனரக ஆயுத உற்பத்திப் பிரிவில் மூத்த மேற்பார்வையாளர்.' ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே எழுந்து சல்யூட் அடிக்கத் தோன்றியது. அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் அழிக்கச் சொல்வார்.

நேர்காணல் அன்று நான் துணைத் தூதரகத்துக்கு எதிரே நடைபாதையில் நின்றேன். உள்ளே நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். அதிகாரி கேட்டதை ஒரு பெண் தமிழில் சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஆயுதம் தயாரிச்சீங்களா சார்?"

"அத சொல்லக்கூடாதும்மா."

"ஃபார்ம்ல நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"அது என் பையன் எழுதினது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி, உங்க வேலை என்ன?"

"சொல்லக்கூடாதும்மா."

அதிகாரி வெகுநேரம் எதையோ டைப் அடித்தாராம். பிறகு ஒரு காகிதம் வந்தது. மேற்கொண்டு விசாரிக்க வேண்டும், காத்திருக்கவும்.

திரும்பி வரும் ஆவடி லோக்கல் ரயிலில், வில்லிவாக்கம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு வெடித்துவிட்டேன்.

"ஒரு வேலை பேர சொல்றதுக்கு என்னப்பா?"

"நான் பொய் சொல்லல. நீதான் சொன்ன" என்றார் அப்பா. அதில் தப்புச் சொல்ல இடமில்லை.

அம்மா டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைக் கிளறியபடி சொன்னார், "பெயின்ட்டருன்னு போட்டிருந்தா வேல முடிஞ்சிருக்கும்."

"யாரும்மா பெயின்ட்டர்?"

"உங்கப்பாதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து இவரு சட்டையில இருந்த பச்சை பெயின்ட்ட கிருஷ்ணாயில் போட்டுத் தொவச்சிகினு இருந்தவ நானு. என்னை எங்க நீ கேட்ட?"

அப்பா பெட்டியில் யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மெல்ல பேசு" என்றார்.

அந்தச் சட்டைகளை நானும் பார்த்து வளர்ந்தவன்தான். எங்கேயோ பெயின்ட் காயாத கேட்டில் சாய்ந்துவிட்டு வருகிறார் என்று நினைத்திருந்தேன். (தினமும். அதே கேட்டில்.)

திருத்தி எழுதிக் கொடுத்தோம். விசா வந்தது, விழா முடிந்து மூன்று வாரம் கழித்து. பட்டமளிப்பை போனில்தான் பார்த்தோம். மஞ்சு மேடையேறியதும் அம்மா ஆசையாகத் திரையில் அவள் கன்னத்தைத் தடவினார். விரல் பட்டு அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. மறுபடி கிடைப்பதற்குள் மேடையில் வேறு யாரோ. அன்று முழுக்க அம்மா என்னிடம் பேசவில்லை. எனக்கும் முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

பிறகு அவர்கள் போய் இறங்கியபோது, மஞ்சு கறுப்பு அங்கியும் தொப்பியுமாக விமான நிலையத்துக்கே வந்து நின்றாள். அந்தப் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, ஏர்போர்ட்டில் பட்டம் வாங்கியதற்கு யார் காரணம் என்று அம்மா விளக்குவார்.

அதோடு விட்டார்களா? வீட்டில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் இப்போது ஒரே பதில்தான், "தொவைக்கிறவள கேளு."

போன மாதம் என் மகளின் பள்ளிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். 'தகப்பனார் தொழில்' என்ற இடம் வந்ததும் அம்மா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார், "ஏம்மா, உன் புருஷனுக்கு என்ன வேல?"

"தெரியல அத்தை" என்றாள் என் மனைவி. "சட்டையில ஒரு கறைகூட இருக்காது. கேட்டா அவரும் ஒழுங்கா சொல்றதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரைத் தாழ்த்தி, வாழ்க்கையில் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.