214-ஆம் வண்டி

"சார், நீங்க இந்த வரிசை இல்ல. அங்க பந்தலுக்குள்ள போங்க" என்றாள் கழுத்தில் அட்டை மாட்டியிருந்த பெண்.

தில்லை நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. நானூறு மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டிருந்த தெருவில் கலீமும் தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். மூன்று வயதில் வந்த போலியோ அவருடைய வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது.

"நான் ரைடுக்கு வந்தவன்மா. பணம் கட்டியிருக்கேன், பாருங்க. இருநூத்துப் பதினாலு." சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் சார். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வீல் சேர் குடுக்கத்தான் இந்த ரைடே. பேரைக் கூப்பிடுவாங்க. டிபன் வாங்கிட்டீங்களா?"

கலீமுக்குச் சுருக்கென்றது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து மூன்று உயிரைக் காப்பாற்றுகிற மனிதர். ஆனாலும் இந்த நாற்பத்து மூன்று வயது வரை ஊரில் எல்லாரும் அவருக்கு எதையாவது கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். பஸ்ஸில் இடம், கல்யாணப் பந்தியில் முதல் இலை, கேட்காமலே ஒரு 'ப்ச்'. ஒரே ஒரு நாளாவது கொடுக்கிற பக்கம் நிற்கவேண்டும் என்றுதான், ஓட்டுகிறவர்கள் கட்டுகிற பணத்தில் வீல் சேர் வாங்கிக் கொடுக்கிற இந்த ரைடுக்குப் பேர் கொடுத்தார். மகள் சம்ரீன் பள்ளித் தோழிகள் நாலு பேரோடு காவிரிப் பாலத்தின் ஸ்ரீரங்கம் முனையில் காத்திருக்கிறாள். அத்தா நானூறு வண்டிகளோடு வருவதை வீடியோ எடுக்கவேண்டுமாம்.

பெரிய ஆளிடமே சொல்லிவிடலாம் என்று, முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி நடந்து போனார். ரைடை நடத்துகிற சங்கத்தின் தலைவர் ரஞ்சித், திருச்சி வெயிலில் தோல் ஜாக்கெட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

"சார், நான் வண்டி ஓட்ட வந்தவன். அந்தப் பொண்ணு தப்பா..."

ரஞ்சித்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் சார் தன்னம்பிக்கை!" என்று தோளோடு அணைத்து மேடைக்குக் கூட்டிப்போய் மைக்கைக் கையில் திணித்தார். "சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

இதுவும் நல்லதுக்குத்தான் என்று கலீம் நினைத்தார். நானூறு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் யார் மறுக்கப் போகிறார்கள்?

"நானும் உங்களோட வண்டி ஓட்டத்தான் வந்திருக்கேன்!"

விசில் பறந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினார். ரஞ்சித் மைக்கைப் பிடுங்கி, "ஒருநாள் இவர் கண்டிப்பா ஓட்டுவார்!" என்று முழங்கினார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

கலீம் நைசாக இறங்கித் தன் வண்டிப் பக்கம் நகர்ந்தார்.

"ஐயோ, நடக்காதீங்க சார்!" சங்கத்து டிஷர்ட் போட்ட இரண்டு பேர் ஓடி வந்து அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி, பந்தலுக்குள் ஒரு புது வீல் சேரில் உட்கார வைத்தார்கள். "சாவியக் குடுங்க, வண்டிய நாங்க பாத்துக்கறோம்."

"அப்ப வண்டிய முன்னாடி வரிசையில விடுங்க" என்று கலீம் சாவியைக் கொடுத்தார்.

"விட்டுருவோம் சார்" என்றவர் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஓடினார்.

சரி, இந்தச் சனியனை வாங்கித் தொலைத்துவிட்டால் எழுந்து போய்விடலாம் என்று கலீம் பல்லைக் கடித்தார். சிறப்பு விருந்தினரான நகைக்கடைக்காரர் வரிசையாகச் சால்வை போட்டுக்கொண்டே வந்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று கலீமுக்கு மட்டும் மூன்று தடவை போட்டார். மூன்றாவது சால்வை தோளில் விழுந்தபோது வெளியே கொடி அசைந்தது. நானூறு வண்டிகளும் கிளம்பின. பந்தலுக்குள் புகைதான் வந்தது.

சாவி இல்லாமல் உட்கார்ந்திருந்த கலீமின் செல்போன் அரை மணி கழித்து அடித்தது.

"அத்தா, கடைசி வண்டியும் போயிருச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"வண்டி மக்கர் பண்ணிருச்சும்மா. வீட்டுக்குப் போ." பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்ன வாயைக் கலீம் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து வீல் சேரில் செல்லக்கண்ணு என்று பேர் கூப்பிடப்பட்ட அறுபது வயதுக்காரர், அதே மாதிரி சால்வையோடு உட்கார்ந்திருந்தார். "விடுங்க தம்பி. சேராவது நல்ல சேரா குடுத்திருக்காங்க" என்றார்.

கலீமுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். நீங்கள்லாம் வாங்க வந்தவங்க. நான் குடுக்க வந்தவன்யா! ஆளப் பாத்தா இதுகூடத் தெரியாதா?"

செல்லக்கண்ணு கோபித்துக்கொள்ளவில்லை. சால்வையை நிதானமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இது மூணாவது சேர் தம்பி. மூணு வருஷமா நானும் வண்டி ஓட்டத்தான் பணம் கட்டுறேன்."